இடது காலின் நாலாவது விரல்

படத்தில் மாமாவின் முதுகெலும்பு இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆடும் வாளித் தண்ணீரில் தெரியும் முகத்தைப் போல, ஒவ்வோர் எலும்புக்கும் பக்கத்தில் அதன் சாயல் இன்னொன்றாகக் கிடந்தது. டொக்டர் ஹமீட் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார், கழற்றினார், யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மறுபடி மாட்டினார். மாமாவின் மருமகள் சாம்பவி டொக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஸ்வால்ட் மாமா கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து, சுவரில் தொங்கிய கலண்டரை வாசிப்பவர் போல நின்றார். அதில் வாசிக்க ஒன்றும் இல்லை, ஒரு மருந்துக் குளிசையின் படம் மட்டும்தான் இருந்தது.

ஸ்கேன் எடுக்கும்போது அசைந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. மல்லாந்து படுத்தால் முதுகு கொல்லும் ஒருவரை அந்தக் குழாய்க்குள் முக்கால் மணித்தியாலம் அசையாமல் கிடக்கச் சொன்னால் அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதுகின் நடுவுக்குச் சற்றுக் கீழே, இரண்டு எலும்புகளுக்கு இடையில் ஏதோ வெளுப்பாகத் தெரிகிறது. வயதுத் தேய்மானமாக இருக்கலாம். இரத்தத்தோடு வந்து அங்கே தங்கிவிட்ட கிருமியாகவும் இருக்கலாம். இந்தக் கலங்கின படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயை நம்பவும் முடியாது, கிருமி எலும்பை அரித்துத் தின்ற பிறகுதான் அதில் தெரியவரும்.

"இரவில காய்ச்சல் வருதா? குளிர், நடுக்கம்?" என்று கேட்டார்.

"சே, இல்லை டொக்டர். நான் நல்ல சுகம். இந்த முதுகு மட்டும்தான் ஒத்துழைக்குதில்லை."

வெப்பமானியும் மாமாவின் பக்கம்தான் நின்றது. அது எந்தக் காய்ச்சலையும் காட்டவில்லை. டொக்டர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஓர் இரத்தப் பரிசோதனையும் வலி மாத்திரையும் எழுதினார். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சலம் கழிப்பதில் கஷ்டம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்று சாம்பவியைப் பார்த்துச் சொன்னார். கிருமியாக இருந்து, அதன் சீழ் முதுகுத் தண்டின் நரம்பை நெரித்தால் கால்கள் போய்விடும். போன கால்கள் எல்லாருக்கும் திரும்பி வருவதில்லை.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் ஓட்டோவில் மாமா கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் ஆசனத்தை விட்டு உடம்பைத் தூக்கினார். "மல்லி, ஹெமின் ஹெமின்," என்று மெதுவாகப் போகச் சொல்லிச் சாரதியைக் கெஞ்சினார். அடுத்த நிமிடமே அவனிடம் சிங்களத்தில் கிரிக்கெட் கதைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் ஓய்வு என்ற சொல்லுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விடிந்ததும் முகத்துவாரத்துக்கு நடந்து போய் மீன் வாங்குவார். திரும்பி வந்து பேப்பரை நின்றபடி வாசிப்பார். யாராவது ஒரு வாளி தூக்கினால் ஓடிப்போய்ப் பறிப்பார். அப்படிப்பட்டவர் இப்போது சில வாரங்களாக இரவெல்லாம் விறாந்தையில் நடக்கிறார். படுத்தால் வலி, இருந்தால் வலி, நடந்தால் மட்டும் கொஞ்சம் குறைவு.

வீட்டுப் படியேறி மேலே வந்ததும் நேசம் மாமி குசினி வாசலில் நின்றாள். மாமா அவளுக்கு இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றார்.

"உன்ட மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு மகள்," என்றாள்.

"பசியில்லை எண்டு மாமிட்டச் சொல்லு பிள்ளை," என்றார் மாமா.

சாம்பவி இரண்டையும் இரண்டு பக்கத்துக்கும் சொன்னாள். அவளுக்கு அது பழகிவிட்டது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவளுடைய வேலை அது. பம்பலப்பிட்டியில் காப்புறுதிக் கந்தோரில் பார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் அந்த மௌனம் சாம்பவியின் கலியாணத்தில்தான் தொடங்கியது. தன் மகன் ரொனியை மாதா கோவிலில் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று மாமி நின்றாள். வெள்ளவத்தையில் சாம்பவியின் அப்பா தில்லைநாதனோ, ஐயர் வந்து ஓதாமல் ஒரு சடங்கும் இல்லை என்று நின்றார். இரண்டு பேரும் அசையாததால் பிள்ளைகள் இருவரும் பதிவாளர் கந்தோருக்குப் போனார்கள். அன்று காலை மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதுச் சேட்டுடன் புறப்பட்ட ஒஸ்வால்ட், சாட்சிக் கையெழுத்தை வைத்துவிட்டு, மறக்காமல் ஒரு பாரை மீனும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மாமி அதைக் கழுவி, வெட்டி, குழம்பு வைத்து, அவருக்குப் பரிமாறிய பிறகுதான் செய்தி வந்தது. கலியாணத்தைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். சாம்பவியை ஒரு வாரத்தில் மகள் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். தில்லைநாதனும் அடுத்த தீபாவளிக்குள் இறங்கி வந்தார். அந்தப் பாரை மீனை மட்டும் மாமியால் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் மாமி சாம்பவியைப் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டாள். மழை விட்டிருந்தது. கொடியில் மாமாவின் பனியன்கள் வரிசையாகக் கிடந்தன. டொக்டர் காய்ச்சலைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டாள். காய்ச்சல் இல்லையே மாமி என்றாள் சாம்பவி. மாமி துவைக்க வைத்திருந்த கூடையில் இருந்து ஒரு பனியனை எடுத்து அவள் கையில் வைத்தாள். அது பாரமாக, ஈரமாக இருந்தது.

"இது மழையில நனைஞ்சது இல்லை மகள். காலையில கட்டில்ல கிடந்தது."

ஒவ்வொரு காலையும் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் வடியும் என்றாள். தலையணை உறையும் அப்படித்தான். மாதம் ஒன்றுக்கு மேலாகிறது. டொக்டரிடம் அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே மாமி."

"நீதானே அவரோட டொக்டரிட்டப் போறாய். உனக்குத் தெரியும் எண்டு இருந்தன். அவரிட்ட நான் எப்பிடிக் கேக்கிறது?" மாமி அடுத்த பனியனைக் கொடியில் இருந்து இழுத்தாள். கிளிப் ஒன்று தெறித்துக் கீழே ஒழுங்கைச் சந்தில் விழுந்தது.

சாம்பவிக்கு அப்போதுதான் அந்த இரண்டு குளிசைகள் நினைவுக்கு வந்தன. டொக்டரிடம் போகும் ஒவ்வொரு நாளும் மாமா குளித்து, முகம் வழித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சேட்டைப் போடுவார். கடைசியாக, வலியையும் காய்ச்சலையும் அடக்கும் பனடோல் இரண்டை விழுங்குவார். ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் முக்கிக்கொண்டும் முனகிக்கொண்டும் போய் நிற்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். இன்றைக்கும் அப்படித்தான் விழுங்கினார். தண்ணீர்க் கோப்பையை நீட்டியவள் சாம்பவி. காய்ச்சல் டொக்டருக்கு முன்னால் மட்டும் மரியாதையாக ஒளிந்துகொண்டது.

அன்றைக்கு அவள் பனடோல் பெட்டியை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். விளக்கேற்றும் நேரம் மாமாவுக்கு உடம்பு கொதித்தது. ரொனி வெப்பமானியை யன்னலடியில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உதறி வைத்துப் பார்த்தான். இரண்டாம் முறையும் அதே எண்தான்.

மறுநாள் இரத்த முடிவும் வந்தது. டொக்டர் ஹமீட் தானே தொலைபேசியில் அழைத்தார். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு இருக்க வேண்டியதை விடப் பல மடங்கு அதிகம் என்றார். பனியனைப் பற்றியும் பனடோலைப் பற்றியும் சாம்பவி அவரிடம் சொன்னாள். சில மாதங்களுக்குள் வேறு கிருமித் தொற்று ஏதும் வந்ததா என்று கேட்டார். சலத்தில் கிருமி வந்து மருந்து எடுத்ததை அவள் சொன்னாள். முழுக்க எடுத்தாரா என்றார். எடுக்கவில்லை. சுகம் என்று தோன்றியதும் மாமா பாதியில் நிறுத்திவிட்டார். நீரிழிவும் இருப்பதால் அங்கே இருந்துதான் இரத்தத்தோடு முதுகுக்குப் போயிருக்க வேண்டும் என்று டொக்டர் நினைத்தார்.

ஆனால் நினைப்பது போதாது. எந்த இடம், எவ்வளவு, நரம்புக்குப் பக்கத்தில் சீழ் உண்டா என்று பார்த்தாக வேண்டும். படம் காட்டும் இடத்தில்தான் ஊசியை விட்டு எடுத்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கு முன் மருந்து கொடுத்தால் கிருமி பதுங்கிவிடும், பேர் தெரியாமல் இருட்டில் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். ஆகவே எல்லாம் தெளிவான ஒரு படத்துக்காகக் காத்து நின்றன. மயக்கம் கொடுத்து எடுக்கலாமா என்று ரொனி கேட்டான். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் மாமாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். மாமா பழைய ஆஸ்துமாத் தொய்வுக்காரர், இந்தக் காய்ச்சலோடு அவருடைய மூச்சை நம்ப முடியாது. வலிக்கு ஊசி போட்டு இன்னொரு தடவை முயற்சிக்கலாம், சரிவராவிட்டால் பிறகு அந்த ஆபத்தை யோசிக்கலாம் என்று முடிவானது.

ஸ்கேனுக்குப் புறப்பட்ட காலையில் மாமா படியிறங்கி ஓட்டோவடிக்குப் போய்விட்டார். பின்னால் வந்த சாம்பவி படியில் அவருடைய இடது செருப்பைக் கண்டாள். அது கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை. ஈரத் தரையில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக நின்று, மழைக்காலத்தில் கடல் எப்படி இருக்கும் என்று சாரதிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து செருப்பைப் போட்டுவிட்டாள். பழஞ்செருப்பு பிள்ளை, வாய் அகண்டுபோச்சு என்றார். அவள் சிரித்தாள். ஓட்டோவில் ரொனியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள், காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவனும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வருவான், அது மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

மாமியும் பின்னால் இன்னோர் ஓட்டோவில் வந்தாள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு அப்படியே வருகிறேன் என்று ஒரு சாட்டுச் சொன்னாள். ஸ்கேன் நிலையத்தின் காத்திருக்கும் அறையில் மாமாவுக்கு எதிர் மூலையில் போய் இருந்தாள். மாமா இருக்கவில்லை. தண்ணீர் இயந்திரம் வரை போனார், வந்தார். மீன் தொட்டியைப் பார்த்தார். உள்ளே யாருக்கோ படம் எடுக்கும் சத்தம் சுவர் வழியாக இடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தபோது நாலு பேரும் நிமிர்ந்தார்கள், நாலு தடவையும் வேறு யாருடைய பெயரோ.

கடைசியில் நப்லா வந்தாள். படம் எடுக்கும் பிள்ளை அவள். கருநீல ஹிஜாப், கழுத்தில் அடையாள அட்டை, களைத்தாலும் கனிவான முகம். முதல் தடவை மாமாவுக்குப் படம் எடுத்தவளும் அவள்தான். வீட்டு ஆள் ஒருவர் உள்ளே கூட இருந்தால் அங்கிளுக்குத் தைரியமாக இருக்கும் என்றாள். ரொனி எழுந்தான். அவனுடைய காலில் பைக் விபத்துக்குப் பிறகு வைத்த உலோகத் தகடு இருந்தது. என்ன உலோகம் என்ற தாள் கையில் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அவனை அமர்த்தினாள். சாம்பவி எழுந்தாள். அதற்குள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த மாமா கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார்.

"பிள்ளை வரக் கூடாது. இந்த உடுப்புக்குப் பின்பக்கமே இல்லை."

ரொனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நப்லா மூலையைப் பார்த்தாள்.

"அன்ட்டி, நீங்கதானே அங்கிள்ட வைஃப்? நீங்க வாங்களே."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமி வழக்கம்போலச் சாம்பவியைப் பார்த்தாள். ஆனால் அனுப்ப ஒரு செய்தியும் அவளிடம் இருக்கவில்லை. எழுந்து வந்தாள்.

இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் உள்ளே போகக் கூடாது. நப்லா நீட்டிய பிளாஸ்ரிக் தட்டில் மாமி கொண்டை ஊசிகளைப் போட்டாள். காதுத் தோட்டைப் போட்டாள். கழுத்துச் சங்கிலியைப் போட்டாள். பிறகு ஒருபக்கம் திரும்பி, சட்டையின் உட்புறத்தில் ஊக்கால் குத்தியிருந்த அந்தோனியார் உருவம் பதித்த சின்னச் சுரூபத்தை எடுத்தாள். அதற்குக் கீழே இன்னொரு ஊக்கு. முந்தானையில் இரண்டு. தட்டு நிறைந்தது. கடைசியில் கையில் செபமாலை மட்டும் மிஞ்சியது. மணிகள் மரம், கோத்திருந்த கம்பி இரும்பு. மாமி அதை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதுவும் ஏலா அன்ட்டி," என்றாள் நப்லா மெதுவாக. "மிஷின் இழுத்துடும்."

மாமி அதைச் சாம்பவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். மாமா சண்டித்தனம் செய்தால் கதைத்துச் சமாளிக்க ஆள் வேண்டும் என்று நப்லா சாம்பவியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கணினிகளின் அருகே ஒரு ஸ்டூலில் இருத்தினாள். ரொனி கதவடியில் நின்றான்.

கண்ணாடிக்கு அப்பால் மாமாவின் தலையும் உடம்பும் வெள்ளைக் குழாய்க்குள் போயின. முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. மாமி சுவரோடு ஒட்டி நின்றாள். இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. திரையில் முதல் படங்கள் வந்தன. பழைய கதைதான், எலும்புகள் எல்லாம் தண்ணீருக்குள் ஆடின. நப்லா நிறுத்தி, ஒலிவாங்கியில் அங்கிளைச் சமாதானப்படுத்தி, மறுபடி தொடங்கினாள். பாதியில் மாமா தன் கையில் கொடுத்திருந்த பந்தை அழுத்தினார். அழைப்பு மணி அடித்தது.

"என்னை வெளியில எடுங்க." குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. "ஏலாது மகள். என்னால ஏலாது."

சாம்பவி ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள். செபமாலை உள்ளங்கையில் அழுத்தியது. இந்தப் படமும் போனால் அடுத்தது மயக்கம், அந்த நெஞ்சு, அந்தக் கால். அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

மாமி சுவரை விட்டு நகர்ந்திருந்தாள். மூலையில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையை மாமாவின் காலடிக்கு இழுத்துப் போட்டு இருந்தாள். போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் வெளியே எடுத்தாள்.

"இஞ்ச கேளுங்க," என்றாள். இயந்திரத்தின் சத்தத்துக்காகக் காதில் அடைப்பு வைத்திருந்ததால் சத்தமாகத்தான் சொன்னாள், அது எல்லா அறைக்கும் கேட்டது. "செபமாலையை வெளியில வாங்கிட்டாங்க. உங்கட கால் விரல்லதான் சொல்லப்போறன். பத்து விரல், பத்து அருள் நிறைந்த மரியே. நடுவில அசைஞ்சீங்க எண்டால் திரும்பவும் முதல்ல இருந்து."

குழாய்க்குள் இருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஆரது கதைக்கிறது?"

"மீன் வாங்கப் போய்க் கலியாணத்துக்குச் சாட்சி வைச்ச ஆளுட பெண்சாதி."

ரொனி கதவடியில் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தான். நப்லா புரியாமல் சாம்பவியைப் பார்த்தாள். "தொடங்குங்கோ," என்றாள் சாம்பவி, "கெதியாத் தொடங்குங்கோ."

இயந்திரம் இடித்தது. அந்த இடியில் செபம் யாருக்கும் கேட்டிருக்காது. மாமிக்கே அவளுடைய குரல் கேட்டிருக்காது. வலது பெருவிரலை அவள் மெல்ல அழுத்திப் பிடித்தாள், உதடுகள் அசைந்தன, விட்டாள், அடுத்த விரலைப் பிடித்தாள். உள்ளே இருக்கும் மனிதருக்கு வெளியுலகத்தில் இருந்து கிடைத்தது அந்த அழுத்தம் மட்டும்தான். திரையில் ஒரு படம் வந்தது. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு விளிம்பாக, அடுக்கிய பெட்டிகளைப் போல நின்றன. நப்லா மூச்சை விட்டாள். அடுத்ததும் அப்படியே வந்தது.

ஒரு வரிசை முடிந்து இயந்திரம் ஓய்ந்தபோது மாமாவின் குரல் வந்தது.

"நேசம், ஏன் நிப்பாட்டினாய்?"

மாமி நிறுத்தவில்லை. சாம்பவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாமாவின் இடது காலின் நடுவிரலைப் பிடித்திருந்தன. நகம் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தன.

மாமி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அடுத்த விரலைக் கிள்ளினாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமியின் முகம் ஒரு கணம் வேறு யாருடைய முகமோ போல ஆனது.

"மூச்சு வாங்கினன்," என்றாள். குரல் மாறவில்லை. "இந்தா, தொடங்கிட்டன்."

இரண்டு கைகளையும் வலது பாதத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்து விரல் முடிந்ததும் மறுபடி அதே ஐந்து விரல். இயந்திரம் இடிக்க, மாமா கல் மாதிரிக் கிடந்தார். பத்தும் தன்னிடம் ஒழுங்காக வந்து சேருகின்றன என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இடையில் நரம்பில் மருந்து ஏற்ற நப்லா உள்ளே போனாள். மாமி பேசாமல் அவள் கையைப் பிடித்து, மாமாவின் இடது உள்ளங்காலில் தன் நகத்தால் கோடு இழுத்துக் காட்டி, உணர்ச்சி இல்லை என்று தலையை ஆட்டினாள். நப்லாவுக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் அவள் முதலில் எடுத்தது தொலைபேசியை.

படங்களைப் பார்க்கும் டொக்டர் கீழ்மாடியில் இருந்து படியேறி வந்தார். கடைசி வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் பேனையால் காட்டினார். இரண்டு எலும்புகளும் அவற்றுக்கு நடுவில் இருந்த தட்டும் பளீரென்று வெளுத்திருந்தன. தேய்மானம் இப்படி வராது என்றார். அதற்குப் பின்னால் சிந்திய பால் போல ஒரு சிறு தேக்கம், நரம்புக் கயிற்றை ஒரு பக்கமாகத் தள்ளி நெரித்துக்கொண்டிருந்தது. இடதுபக்கமாக. அறிக்கை தட்டெழுதி வரும்வரை அவர் காத்திருக்கவில்லை, அங்கிருந்தே டொக்டர் ஹமீட்டை அழைத்தார்.

அன்று பின்னேரமே பெரியாஸ்பத்திரியில் மாமாவின் முதுகைத் திறந்து சீழை எடுத்தார்கள். எடுத்த சீழில் கிருமியின் பேரும் சில நாளில் தெரிந்தது. அதற்கேற்ற மருந்து நரம்பு வழியாக ஏறத் தொடங்கியது, வாரக்கணக்கில் ஏற வேண்டும். காலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாக்குக் கொடுக்கவில்லை. வலது காலுக்குப் பயமில்லை, இடது காலைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்றார்கள்.

பொறுத்திருப்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாத வேலை. ரொனி கந்தோரில் இருந்து மணிக்கொரு தடவை அழைத்தான். சாம்பவி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தாள். அவளை எல்லாவற்றையும் விடப் பயப்படுத்தியது மாமா அமைதியாகக் கிடந்ததுதான். தண்ணீர்ப் போத்தலைக்கூட எட்டி எடுக்கவில்லை. கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் கிரிக்கெட் கதைத்தாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

மாமி ஒவ்வொரு பின்னேரமும் சூப்போடு வந்தாள். பழையபடி, சூப் காணுமா இன்னும் வேணுமா என்று உன்ட மாமாட்டக் கேளு மகள் என்றாள். சாம்பவிக்குச் சலிப்பாக வந்தது. ஸ்கேன் அறையில் நடந்தது அந்தக் கதவோடு முடிந்துவிட்டதா? ஆனால் சூப் முடிந்ததும் மாமி கட்டிலின் காலடிக்குப் போய் இருப்பாள். செபமாலை கைப்பையிலேயே கிடக்கும். வலது பெருவிரலில் தொடங்கி இடது சின்னவிரல் வரை போவாள். இடது காலுக்கு வரும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.

மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை மாமா யாரும் பிடிக்காமலே கல் மாதிரிக் கிடந்தார். சீழ் போய்விட்டது, நரம்பு நேரே ஆகிவிட்டது. எலும்பின் வெளுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மனிதர் சுகமாகி மாதக்கணக்கான பிறகுதான் படம் சுகமாகும் என்றார் டொக்டர் ஹமீட். அப்போ கால் என்று ரொனி கேட்டான். படத்திடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாகிவிட்டது, இனிக் காலைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர்.

பார்வையாளர் நேரம் முடியப்போகும் ஒரு பின்னேரம். வார்ட் முழுக்கச் சாப்பாட்டுக் கூடைகள் மூடும் சத்தம். சாம்பவி கட்டிலருகே நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமி வலது காலை முடித்து இடது காலுக்கு வந்திருந்தாள். பெருவிரல், அடுத்தது, நடுவிரல், சின்னவிரல்.

"பிள்ளை," என்றார் மாமா, விசிறியைப் பார்த்தபடியே. "நாலாவதை விட்டுட்டா எண்டு உன்ட மாமிட்டச் சொல்லு."

சாம்பவி பழக்க தோஷத்தில் மாமியிடம் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். கையில் இருந்த சுளை நசிந்து சாறு மணிக்கட்டில் ஓடியது.

"எனக்குத் தெரியும்," என்றாள் மாமி. சாம்பவியிடம் இல்லை, நேரே அவரிடம். "ஒவ்வொரு நாளும் ஒண்டை விட்டு விட்டுத்தான் பாக்கிறன். எப்ப கேப்பீங்க எண்டு."

மாமா தலையணையில் இருந்து தலையை உயர்த்தித் தன் பாதங்களைப் பார்த்தார். அதற்கப்பால் இருந்தவளைப் பார்த்தார்.

"உனக்கு ஒரு மனுசனைச் சும்மா கிடக்கவே விட ஏலாதா நேசம்?"

"அசையாமப் படுங்க. திரும்பவும் முதல்ல இருந்து சொல்லப்போறன்."

அவர் அசையாமல் படுக்கவில்லை. போர்வைக்கு வெளியே இடது காலின் பெருவிரல் மெல்ல, மிக மெல்ல, அவளுடைய கைப்பக்கமாக வளைந்தது.